சிறுநீர் தானம் செய்த கதை

மீன்கொத்தி:
ரத்த தானம் செய்த அனுபவத்தை எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் சிறுநீர் கொடுத்தவன். ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, சுற்றுச்சூழல் மாதிரி வங்கிக்கு (உடம்பில் என்னென்ன ரசாயனம் சேர்கிறது என்று பார்க்க, ரத்தம், சிறுநீர் போன்ற மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடம்) 20 முதல் 29 வயதுள்ள மாணவர்கள் வேண்டும் என்றார்கள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று பெயர் கொடுத்தேன்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் தந்தார்கள். 24 மணி நேரச் சிறுநீர், ஒரு சொட்டு விடாமல் அதில் சேர வேண்டும். அன்று பார்த்து எனக்கு வகுப்பு. பாட்டிலைத் துணிப்பையில் போட்டு, மேலே ஸ்வெட்டரைத் திணித்து, நூலகம், கேண்டீன் என்று சுமந்தேன். பஸ் வளையும்போதெல்லாம் உள்ளே 'களக்' என்று சத்தம். பக்கத்து சீட் பாட்டி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் ரத்தமும் எடுத்தார்கள். பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள், அதில் பாதரசம் உண்டே! இதிலெல்லாம் என்ன தேடுவீர்கள் என்று கேட்டேன். "சிலதை இப்போதே பார்ப்போம். மீதி திரவ நைட்ரஜன் ஆவியில், மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே இருக்கும். எதைத் தேடுவது என்று பின்னால் வருபவர்கள் சொல்வார்கள்" என்றார் அங்கிருந்த பெண்மணி.

மழுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் படித்தபோது புரிந்தது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் டிஐஎன்சிஹெச் என்ற பொருள் 2002இல் சந்தைக்கு வந்தது. அதைச் சிறுநீரில் அளக்கும் வழி கிடைத்த பிறகு, வங்கியில் கிடந்த பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1999இல் ஒருவரிடமும் இல்லை. 2003இல் 7 சதவீதம் பேரிடம். 2012இல் 98 சதவீதம்!

ஆலமரம்:
பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துவிட்டுப் பிளாஸ்டிக் ரசாயனத்தைத் தேடுவதா? பாட்டிலிலிருந்தே இறங்கியிருக்காதா?

மீன்கொத்தி:
எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அந்தப் பொருளை நேரடியாக அளப்பதில்லை. உடம்புக்குள் போய் உருமாறி வெளியேறும் கழிவைத்தான் அளக்கிறார்கள். அது பாட்டிலில் உண்டாகாது.

கடலோரம்:
நான் பார்த்தது முட்டை வங்கி. ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பால்டிக் கடலின் ஸ்டோரா கார்ல்சோ தீவிலிருந்து வந்த கடற்பறவை முட்டைகளை வருடவாரியாக வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு நுரையிலும் கறை ஒட்டாத துணியிலும் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற ரசாயனம், 1968 முட்டையில் கிராமுக்கு 25 நானோகிராம், 2003இல் 614. கடற்பாறையில் உட்கார்ந்து மீன் தின்னும் பறவை அது.

மீன்கொத்தி:
அடேயப்பா. முட்டையாவது பஸ்ஸில் சத்தம் போடாது.