பிரபல கதை கேமை வைத்து வயதுவந்தோர் பகடி: எதுவரை போகலாம்?

கேள்வி: கதைக்குப் பேர்போன ஒரு கேமைப் பகடி செய்து வயதுவந்தோருக்கான கேம் ஒன்றை ரென்பை (கதை கேம் உருவாக்கும் மென்பொருள்) கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாபாத்திரங்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் போதுமா, இல்லை கேம் விற்கும் தளமான ஸ்டீமில் போட்டதும் தூக்கிவிடுவார்களா?

பதில் 1: பெயர் மாற்றம் மட்டும் காப்பாற்றாது. பகடியும் நியாயமான பயன்பாடாகலாம், அதாவது அனுமதி இல்லாமலே மூலப் படைப்பைப் பயன்படுத்தலாம் என்று 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பாடல் வழக்கில் சொன்னது, ஆனால் கிண்டல் மூலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆள் இழுப்பதற்காக மட்டும் ஒரு பிரபல முகத்தைக் கடன் வாங்கினால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். மாடல், இசை எதையும் மூல கேமிலிருந்து எடுக்காதீர்கள்.

பதில் 2: சட்டத்துக்கு முன்னால் பணம் வரும் வழி அடைபடும். ஸ்டீம் 2018இல் வயதுவந்தோர் கேம்களுக்குக் கதவைத் திறந்தது, 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் சிலவற்றை நீக்கியது, அதே மாதம் இட்ச் என்ற இன்னொரு கேம் தளம் வயதுவந்தோர் கேம்களைத் தேடலிலிருந்தே மறைத்தது. அப்புறம், மூலத்தில் சிறுவராகவோ பள்ளி மாணவராகவோ வருபவரைத் தொடவே கூடாது. வயதைக் கூட்டிவிட்டேன் என்பது சமாதானமே இல்லை.

பதில் 3: என்னைக் கேட்டால் கேமில் விளையாடுபவர் செய்யும் தேர்வுகளைப் பகடி செய்யுங்கள். 'அவர் இதை நினைவில் வைத்திருப்பார்' என்று நாம் ஒன்றைத் தேர்ந்ததும் திரை மூலையில் வருமே, கதவைத் தட்டாமல் நுழைந்ததற்கு அதைக் காட்டி, ஐந்து காட்சி கழித்துப் படுக்கையறையில் அந்தக் கதவுப் பேச்சை இழுத்தால் மூலத்தை விளையாடியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்கு யாருடைய முகமும் தேவையில்லை.