பட்டன் (டயரில் தரையைத் தொடும் வரிப்பள்ளம்) அப்படியே இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வெடிப்பு. இந்த டயரோடு நெல்லை வரை போகலாமா?

தாம்பரம்_வாசி:
வணக்கம். அப்பாவின் கார், சின்ன ஹாட்ச்பேக். 2017இல் வாங்கியது, இதுவரை 24,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. பாதி நாள் வீட்டு வாசலில் வெயிலில்தான் நிற்கும். மே மாதம் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமானோடு திருநெல்வேலி போகிறோம். காற்று அடிக்கப் போன இடத்தில் டயரின் பக்கவாட்டில் மயிரிழை போல் வெடிப்புகளைக் காட்டி, "நாலையும் மாத்திடுங்க சார்" என்றார் கடைக்காரர். அப்பாவோ, "பட்டன் புதுசு மாதிரி இருக்கு, அவர் வியாபாரம் பேசுறார்" என்கிறார். யார் சொல்வது சரி? டயர் அளவு 165/80 ஆர்14 85டி.

வல்கனைசிங்_மதுரை:
முதலில் டயரின் வயதைப் பாருங்கள் தம்பி. பக்கவாட்டில் 'DOT' (டாட்) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும், அடியில் கைபேசியை நீட்டிப் படம் எடுங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள். அப்படியே முன் டயர்களின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

தாம்பரம்_வாசி:
ஐந்திலும் 1417 என்றுதான் இருக்கிறது அண்ணா. பட்டன் ஆழம் 5 மி.மீ. முன் இடது டயரில் மட்டும் உள் ஓரம் வழுவழுவென்று இருக்கிறது. ஸ்டெப்னி இதுவரை தரையைத் தொட்டதே இல்லை. அதை அங்கே மாட்டிக்கொண்டு போய்விடலாமா?

வல்கனைசிங்_மதுரை:
1417 என்றால் 2017இன் 14ஆவது வாரம், ஏப்ரல் தொடக்கம். எட்டு வருடம் தாண்டிவிட்டது. ஐந்து வருடம் ஆனபின் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டச் சொல்வார்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது பொது விதி. சட்டப்படி 1.6 மி.மீ. பட்டன் போதும்தான். ஆனால் அது தேய்மானத்துக்கான கணக்கு, வயதுக்கு அல்ல.

குறைவாக ஓடியது நல்லதுதானே என்று அப்பா கேட்பார். இல்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தின்னாமல் இருக்க அதற்குள் ஒருவித மெழுகு கலந்திருப்பார்கள். சக்கரம் சுற்றி டயர் நெளியும்போதுதான் அது மேலே கசிந்து வந்து காக்கும். நிறுத்தியே வைத்த வண்டியில் அந்த வேலை நடக்காது. வெயில் படும் பக்கத்து டயரில் வெடிப்பு கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான். பஞ்சர் ஆனால் பக்கத்து ஊர் வரை மெதுவாகப் போக அது போதும். முன்னால் மாட்டி 600 கி.மீ. போக வேண்டாம். நாலையும் மாற்றுங்கள். அந்தக் கடைக்காரர் வியாபாரம் பேசியிருக்கலாம், சொன்னது என்னவோ சரிதான்.

பைபாஸ்_ஓட்டி:
எதற்கு இவ்வளவு செலவு? வெயில் காலத்தில் காற்றை நாலைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைத்து வைத்தால் போதும். சூட்டில் தானாக ஏறிக்கொள்ளும். நாங்கள் லாரியில் அப்படித்தான் போவோம்.

செங்கல்பட்டு_சர்வீஸ்:
இதைச் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டை உண்டாக்குகிறது. ஐந்து பேர் பாரம், நூறு கி.மீ. வேகம், பழைய ரப்பர் மூன்றும் சேர்ந்தால் உள்ளே அடுக்கு பிரிந்து வெடிக்கும். நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும்போது "காற்று அதிகம் அடித்துவிட்டார்கள்" என்று பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் குறைவாக இருந்ததுதான் காரணம்.

சுமார் ஏழு டிகிரி சூடு கூடினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும். ஓடியபின் நாலைந்து கூடக் காட்டினால் அது இயல்பு. இறக்கிவிடக் கூடாது. அளவு பார்ப்பது காலையில், வண்டி எடுக்கும் முன்.

தாம்பரம்_வாசி:
எவ்வளவு வைப்பது அண்ணா? டயரில் 44 என்று எழுதியிருக்கிறது. கடையில் எல்லா வண்டிக்கும் 40 அடிக்கிறார்கள். நைட்ரஜன் போடச் சொல்கிறார்கள்.

செங்கல்பட்டு_சர்வீஸ்:
44 என்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்குச் சொன்னது அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழுப் பாரத்துக்குத் தனி எண் கொடுத்திருந்தால் இந்தப் பயணத்துக்கு அதுதான். நைட்ரஜன் போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்குச் சொந்தமாகக் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன் இடது உள் ஓரத் தேய்மானம் அலைன்மெண்ட் கோளாறு, அதாவது சக்கரம் நிற்கும் கோணம் சரியில்லை. புது டயர் மாட்டிய கையோடு சரிசெய்யாவிட்டால் அதையும் தின்றுவிடும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயிண்ட் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தபின் அலைன்மெண்ட் செய்யச் சொல்லுங்கள். ஆட்டத்தோடு செய்தால் நிற்காது.

வல்கனைசிங்_மதுரை:
வாங்கும்போது 85டி அல்லது அதற்கு மேல்தான் வாங்க வேண்டும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் 190 கி.மீ. வேகம் வரை. அங்கேயும் தேதியைப் பாருங்கள். இரண்டு வருடம் கடையில் கிடந்த சரக்கைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுவார்கள்.

தாம்பரம்_வாசி:
அப்பாவிடம் தேதியைக் காட்டினேன், சம்மதித்துவிட்டார். ஆனால் இப்போது இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது. புதுசு முன்னாலா பின்னாலா?

செங்கல்பட்டு_சர்வீஸ்:
பொதுவாகப் பின்னால். பின் சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும், சமாளிப்பது கடினம். ஆனால் உங்கள் கதை வேறு. மிச்சம் இருக்கும் இரண்டும் 2017தான். பாதி மாற்றி 600 கி.மீ. போவதற்குப் பதில், இந்த முறை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸோ நெல்லை எக்ஸ்பிரஸோ பிடியுங்கள். மீதி இரண்டை ஆடி மாதம் மாற்றிவிட்டுக் காரில் போகலாம்.

பைபாஸ்_ஓட்டி:
மே மாதம் டிக்கெட் கிடைக்குமா? தட்கல்தான்.

தாம்பரம்_வாசி:
மாமா மீதி இரண்டுக்குப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை நாலும் மாட்டுகிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வல்கனைசிங்_மதுரை:
காற்று அடைக்கும் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதுவும் ரப்பர்தான். சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்யும் பேலன்சிங் கட்டாயம். நூறு கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னிக்கும் காற்று அடித்துக்கொள்ளுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.