மழை நின்றும் சுவர் காயவில்லை, அம்மாவுக்கு இளைப்பு: 3,000 ரூபாய்க்குள் முதலில் எதைச் செய்வது?

கேணிக்கரை:

வணக்கம். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அங்கே பழைய வீடொன்றின் கீழ்ப் போர்ஷனில் நானும் அம்மாவும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனும் வாடகைக்கு இருக்கிறோம். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுத் தளமிட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு. சித்திரை வெயிலில் மின்விசிறியே தேவைப்படாது. ஐப்பசி பிறந்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்கும்.

கார்த்திகை முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. இப்போது மழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்குகிறது. தெரு காய்ந்துவிட்டது, வீட்டுக்குள் மட்டும் காயவில்லை. பீரோவைத் திறந்தால் ஊறிய சாக்கு வாடை. என் கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன. தீக்குச்சியை உரசினால் மருந்து நசுங்குகிறது, பற்றுவதில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருக்கிறது. சமையலறைச் சுவரின் அடியில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது.

அம்மாவுக்கு 71 வயது, இளைப்பு உண்டு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். தரையில் கோரைப்பாய் விரித்துத்தான் படுப்பார். காலையில் பாயைச் சுருட்டும்போது, சிவப்புச் சிமெண்ட் தரையில் அவர் படுத்திருந்த இடம் மட்டும் ஈரத் தடமாக இருக்கிறது. தோள், இடுப்பு, குதிகால் என்று அடையாளமே தெரிகிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வீட்டுக்காரர் தை பிறக்கட்டும் என்கிறார். பெயின்ட் கடையில், உள்சுவருக்கு ஈரம் தாங்கும் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும், 9,000 ஆகும் என்றார்கள். ரூம் ஹீட்டர் வாங்கு என்கிறான் தம்பி. என் கையில் இருப்பது 3,000 ரூபாய். எதை முதலில் செய்வது?

ஏரிக்கரைவாசி:

வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன். ஹீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், போன ஆண்டு நான் வாங்கினேன். 1,500 வாட். இரவில் நான்கு மணி நேரம் ஓடினால் 6 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் 60 நாளைக்கு 360 யூனிட் அதற்கு மட்டுமே ஆகிறது. அப்போது இலவசமாகக் கிடைத்தது முதல் 100 யூனிட். மொத்தம் 500ஐத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் கூடியது. பில்லைப் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். அது ஓடும் வரை அறை கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுவரின் ஈரம் அப்படியே இருந்ததால், நிறுத்திய ஒரு மணி நேரத்தில் பழையபடி சில்லிட்டுவிட்டது.

கொத்தனார் மகன்:

சகோதரி, அந்தப் பெயின்டை வாங்கிவிடாதீர்கள். என் அப்பா கொத்தனார். நானும் 26 ஆண்டுகளாகப் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துத்தான் பிழைக்கிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர்களில் நான் கண்ட கேட்டில் பாதி, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதால் வந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் பெயின்டைப் பூசினால் விட வழியில்லை. உள்ளேயே ஊறி, அடுத்த மழைக்குத் தோசை தோசையாக உரிந்து விழும். சிமெண்ட் பூச்சும் அப்படித்தான். மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினால் ஓதம் நான்கடிக்கு ஏறி நிற்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு பாலித்தீன் பை போதும். ஒரு முழத்துக்கு ஒரு முழம் வெட்டி, சுவரை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள். பீரோவுக்குப் பின்னால் ஒன்று, சமையலறையில் உதிரும் இடத்துக்குச் சற்று மேலே ஒன்று, அம்மா படுக்கும் தரையில் ஒன்று. இரண்டு நாள் தொடாதீர்கள். பிறகு தாளின் எந்தப் பக்கம் ஈரம் என்று பாருங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் சில்லிட்ட சுவரில் படிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஈரம் நிற்கும் வடிவத்தையும் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை ஒரே மட்டமாக இருந்தால் மண்ணின் ஈரம் ஏறுகிறது. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் பெரும்பாலும் அதற்குத் தடுப்பு வைத்திருக்க மாட்டார்கள். மேலிருந்து நாக்குப் போல் இறங்கியிருந்தால் மாடியில் கோளாறு. ஓர் இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் குழாயோ குளியலறையோ இருக்கும், போய்ப் பாருங்கள்.

சமையலறையில் உதிர்வது உப்பு என்று நினைக்கிறேன். வெள்ளையாக நொறுநொறுவென்றிருக்கும், ஒரு சொட்டு நீர் விட்டால் கரைந்துவிடும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்பு திரும்பச் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரிக் கொட்டுங்கள். பீரோ மறைவில் கறுப்பாக இருப்பது பூஞ்சை, விரலில் இழுத்தால் மைபோல் ஈஷும். அதை உலர்வாகத் தேய்த்தால் தூள் முழுக்க அம்மாவின் மூச்சில் ஏறும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். அதனோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ எந்தக் காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். அன்று முழுக்க அம்மா வேறு வீட்டில் இருக்கட்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

மாம்பலம் பாட்டி:

அம்மா, உன் தாயார் படுக்கையைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கும் எழுபத்தைந்தாகிறது, மேற்கு மாம்பலத்தில் கீழ்வீடுதான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இன்னும் தையே பிறக்கவில்லை. அதற்குள் அவரைத் தரையிலிருந்து தூக்கிவிடு. நாடாக் கட்டிலோ கயிற்றுக் கட்டிலோ எதுவானாலும் சரி. ஆனால் கட்டில் வந்துவிட்டதென்று வெறும் நாடாவின் மேல் படுக்க வைத்துவிடாதே, அடியில் காற்று ஓடி முதுகு விறைத்துப்போகும். முதலில் ஒரு ஜமக்காளம், அதன்மேல் பழைய பருத்திப் புடவை நான்கு மடிப்பு. மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிட, ஒன்றை அடியில் விரித்தால்தான் சூடு நிற்கும். அவர் காதையும் பாதத்தையும் மூடிக்கொள்ளட்டும். எனக்கு என் பேரனின் பள்ளிக்கூடக் காலுறைதான் துணை.

வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாயா? சந்து வீடென்றால் போடத்தான் செய்வாய். ஒரு நாள் பழைய பேப்பர்காரரின் தராசில், பிழிந்த பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 1,300 கிராம். காய்ந்தபின் 700. மீதி 600 கிராம் தண்ணீர் எங்கே போயிருக்கும்? அறைக்குள்தான். அன்றிலிருந்து கனத்த துணிகளை வெயில் அடிக்கிற நாளில் மட்டும் மொட்டை மாடியில் போடுகிறேன். ஜன்னலைப் பொழுது விடிந்ததும் திறக்காதே, பனி உள்ளே வரும். பத்து பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வை, மூன்று மணிக்குச் சாத்திவிடு. சோறு வடிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, அந்த ஜன்னலை மட்டும் திறந்து வை. தலையணையையும் பாயையும் தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் போடு.

இன்னொன்று, மறக்காதே. குளிருக்கென்று கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இளைப்பு இருப்பவருக்குச் சாம்பிராணிப் புகையும் ஆகாது. சாமி அறையோடு நிறுத்திக்கொள்.

கேணிக்கரை:

பாட்டி, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்துத் தாள்களைப் பிரித்துப் பார்த்தேன்.

தரைத் தாளில் இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. சமையலறையில் சுவர்ப் பக்கம் லேசாகப் பனித்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒட்டிய தாளின் சுவர்ப் பக்கம் தண்ணீர் சேர்ந்து, கீழ் ஓரத்தில் கோடாகத் தேங்கி நின்றது. பிளாஸ்திரியே பிடிப்பு விட்டுவிட்டது.

மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள இடைச்சந்துக்குப் போனேன். ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும், இத்தனை ஆண்டில் நான் உள்ளே போனதே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் எல்போ (குழாய் திரும்பும் வளைவுத் துண்டு) உடைந்து, பாதி வாய் சுவரைப் பார்த்து நிற்கிறது. அந்த இடத்தில் செங்கல் பச்சைப் பாசி பிடித்து வழவழவென்றிருக்கிறது. சரியாகப் பீரோவுக்கு நேரே. மாடியில் போய்ப் பார்த்தேன். குழாய் வாயில் வேப்பிலைச் சருகும் ஒரு பால் கவரும் அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தது. மழை நின்று ஆறு நாளாகியும் அது சொட்டுச் சொட்டாக எங்கள் சுவருக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தரை காய்ந்திருக்கிறதே, அப்படியென்றால் அம்மா படுத்த இடத்து ஈரம் எங்கிருந்து வருகிறது அண்ணா?

கொத்தனார் மகன்:

அது அம்மாவின் உடம்புச் சூட்டிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வருகிற ஆவி. பாய் வழியாக இறங்கி, சில்லிட்ட வழவழப்பான தரையில் நீராகிவிடுகிறது. தரையில் குற்றமில்லை. பாட்டி சொன்ன கட்டில் போட்டாலே நின்றுவிடும்.

எல்போவை உடனே மாற்றுங்கள், தை வரை வைக்காதீர்கள். கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்கிற பழமொழியை நம்பவும் வேண்டாம். தானே புயல் 2011இல் கரையைக் கடந்தது டிசம்பர் 30ஆம் தேதி, 2021இல் சென்னையில் கொட்டித் தீர்த்ததும் அதே டிசம்பர் 30இல், இரண்டும் மார்கழிதான். மாடியில் குழாய் வாய்க்கு ஒரு கம்பி வலைக் கூடை வையுங்கள், சருகு உள்ளே போகாது. அந்தத் தண்ணீரை அப்படியே மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கு இழுத்துவிட முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம்.

குழாய் சரியானதும் சுவர் மறுநாளே காய்ந்துவிடாது. ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவர் இந்தப் பனியில் காய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பகலில் மேஜை விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், அதற்கு ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான். மாசிக்குப் பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். கல் சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், பையன் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஓரிரு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மெல்லியதாக மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரே முறையில் கெட்டியாக அடித்தால் பொருக்குத் தட்டி உதிரும். சுண்ணாம்பில் பூஞ்சையும் லேசில் பிடிக்காது.

சமையலறையில் ஏறுவது மண்ணின் ஈரம். அதை முழுதாக நிறுத்தப் பெரிய செலவாகும், அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் உப்பைத் தட்டிவிட்டு, அரிசி பருப்பு டின்களை மட்டும் ஒரு பலகைமேல் தூக்கி வையுங்கள்.

கேணிக்கரை:

எல்போவுக்கும் கிளாம்புக்கும் 190 ரூபாய், பிளம்பர் கூலி 500. குழாயின் படத்தை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். நேரில் வந்து பார்த்துவிட்டு, வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். நாடாக் கட்டில் பழைய சாமான் கடையில் 900க்குக் கிடைத்தது. பிளீச்சிங் பவுடரும் வலைக்கூடையும் சேர்த்து 140. பட்டுப்புடவையை நிழலில் உலர்த்தி, மென்மையான துணியால் புள்ளிகளைத் துடைத்தேன். ஒன்று மட்டும் போகவில்லை.

அம்மா கட்டிலில் படுக்க முதல் நாள் ஒத்துக்கொள்ளவில்லை, பழக்கமில்லை என்றார். இரண்டாம் நாள் படுத்தார். இன்றோடு ஐந்து இரவு. அதில் இரண்டு நாள் எழுந்து உட்கார்ந்தார், மூன்று நாள் விடியும் வரை தூங்கினார். வியாழக்கிழமை மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன்.

பீரோ இருந்த சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டி, ஓரத்தில் மகன் தேதி எழுதி வைத்திருக்கிறான். பொங்கல் அன்று பிரித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.