இன வாரியான சொத்து இடைவெளி: நகர நிர்வாகம் எதைத் தொடலாம்?

வடக்குவாசல் (கேள்வி):
அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்புப்படி அங்கு வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (பாதிக் குடும்பங்களுக்கு இதைவிடக் கூடுதல், பாதிக்குக் குறைவு) 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. எங்கள் நகர மன்றம் குடிமக்கள் குழுவிடம் யோசனை கேட்டிருக்கிறது. டெண்டரில் 30 சதவீதத்தைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு ஒதுக்கச் சொல்லலாம் என்கிறார்கள் பலர். வங்கிச் சட்டமோ வருமான வரியோ நகரத்தின் கையில் இல்லை. இருக்கிற அதிகாரத்தில் எதில் கைவைத்தால் பலன் கிடைக்கும்?

டெண்டர்மணி:
அந்த 30 சதவீதம் வழக்கில் நிற்காது. ரிச்மண்ட் நகரம் 1983-இல் அதையேதான் செய்தது. 1989-இல் குரோசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நகரில் பாதிப் பேர் கறுப்பினத்தவர், ஒப்பந்தத்தில் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போனது 0.67 சதவீதம் என்ற வாதம் எடுபடவில்லை. மக்கள்தொகையோடு ஒப்பிடக் கூடாது, அந்த வேலைக்குத் தகுதியுள்ள நிறுவனங்களோடு ஒப்பிட வேண்டும் என்றார்கள். முதலில் அந்த ஆய்வு வேண்டும்.

இனத்தைக் குறிப்பிடாமலே செய்யக்கூடியவையும் உண்டு. பெரிய டெண்டரைச் சிறு வேலைகளாகப் பிரிக்கலாம், சிறு வேலைக்குப் பிணைப் பத்திரத்தை (வேலையை முடிப்போம் என்ற உத்தரவாதத்தை) தளர்த்தலாம், பில்லை 30 நாளில் தீர்க்கலாம். சின்ன கம்பெனிகள் சாவது பில் விஷயத்தில்தான். சப்-காண்ட்ராக்டர் வாராவாரம் கூலி போட வேண்டும். பிரதான காண்ட்ராக்டரோ நகரம் கொடுத்த பிறகுதான் கொடுப்பார், அதிலும் 5 முதல் 10 சதவீதம் வேலை முடியும்வரை பிடித்தம். அவருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று நகரம் இணையத்தில் போட்டால் ‘இன்னும் பணம் வரலை’ என்று கதை சொல்ல முடியாது.

கணக்கன்:
நான் சொத்து வரியிலிருந்து தொடங்குவேன். டெட்ராய்ட்டில் 2008-க்குப் பிறகு வீட்டு விலை சரிந்தது, வரி மதிப்பீடு அதே வேகத்தில் இறங்கவில்லை. அந்த நகரம் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று ஆண்டு வரி பாக்கி என்றால் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) வீட்டை எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அப்படி வீட்டை இழந்தன. ஏழைகளுக்கு வரி விலக்கு இருந்தும், அதை விண்ணப்பித்து வாங்க வேண்டும். பலருக்குத் தெரியவே இல்லை.

சோதிப்பது எளிது. சென்ற ஆண்டு விற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பீட்டை விற்பனை விலையால் வகுங்கள். 60,000 டாலர் வீடு 66,000 என மதிப்பிடப்பட்டால் 1.10, 4,00,000 டாலர் வீடு 3,40,000 என்றால் 0.85. இவற்றின் சராசரி 0.975. மொத்த மதிப்பீட்டை மொத்த விலையால் வகுத்தால் 0.883. முன்னதைப் பின்னதால் வகுக்க 1.10 வருகிறது. மதிப்பீட்டாளர் சங்கம் ஏற்கும் வரம்பு 0.98 முதல் 1.03. அதைத் தாண்டினால் மலிவு வீட்டுக்காரர்தான் மாளிகைக்காரரின் வரியையும் சுமக்கிறார். நெருங்கிய உறவுக்குள் நடந்த விற்பனையையும் ஏலத்தையும் நீக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் விடை கோணும்.

பத்திரப்புலி:
இறந்துபோன பாட்டி பெயரிலேயே கிடக்கும் வீடுகளை விட்டுவிட்டீர்களே. பிலடெல்பியாவில் இப்படிப் பெயர் மாறாத வீடுகள் 10,000-க்கு மேல், மதிப்பு 110 கோடி டாலருக்கும் அதிகம் என்று பியூ நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது. குடியிருப்பவர் வரி கட்டுவார், ஆனால் பத்திரத்தில் பெயர் இல்லாததால் வீட்டுக் கடன், பழுதுபார்க்க மானியம், காப்பீடு எல்லாமே சிக்கல். சரிசெய்ய உயிலையோ வாரிசுரிமையையோ பதிய வேண்டும், மற்ற வாரிசுகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு மாநில வாரிசு வரி 4.5 சதவீதம். இந்தச் செலவுக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் நகரம் சிறிய நிதி ஒதுக்கினால், ஏற்கெனவே இருக்கிற சொத்து கைநழுவாது.

வடக்குவாசல்:
இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம் மாதிரி நேரடியாகப் பணம் கொடுத்தால்?

டெண்டர்மணி:
1919-க்கும் 1969-க்கும் இடையில் அங்கு வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களின் நேரடி வாரிசுகளுக்கும் 25,000 டாலர். முதலில் வீட்டுச் செலவுக்கு மட்டும், 2023-இல் ரொக்கமாகவும். நம்பியது கஞ்சா விற்பனை வரியை. அது மெதுவாக வந்ததால் பட்டியலில் இருந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். 2024-இல் வழக்கும் வந்தது. கேட்பதானால், எந்த வருமானத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.