பந்தியில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கலாமா?

தோவாளைக்காரன்:
போன ஞாயிறு நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். அம்மாவுக்கு 71 வயது, மெதுவாகத்தான் சாப்பிடுவார்கள். பருப்பும் நெய்யும் பிசைந்துகொண்டிருக்கும்போதே ரெண்டு பேர் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள், சாம்பார் விளம்பும்போது நாலு பேர். அம்மா அடைப்பிரதமன் பாயசத்துக்குக்கூட இருக்கவில்லை, இலையை மூடிவிட்டு எழும்பிவிட்டார்கள். நம்ம ஊரில் பாயசத்துக்கு அப்புறமும் ரசம், மோர் என்று இருக்கிறது, அதுவரை உட்கார்ந்து சாப்பிட்டால்தானே விருந்து? சாப்பிடுகிறவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த ஊர் மரியாதை?

குலசேகரம் தம்பி:
அண்ணே, யாரும் ஆசைப்பட்டு நிற்கவில்லை. 200 பேர் உட்காரும் கூடத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிடுகிறார்கள், ஒரு பந்திக்கு அரை மணி நேரம் என்றாலும் கடைசிப் பந்தி எழும்ப இரண்டரை மணி நேரம். எனக்குப் பேச்சிப்பாறை பஸ்ஸைப் பிடிக்கணும். மரியாதையாகத் தள்ளி நின்று ரெண்டு தடவை இடம் போயிருக்கிறது, அதுவும் கைக்குழந்தையோடு. தப்பு அழைத்த வீட்டுக்காரர்கள் மேல்.

வடசேரி அக்கா:
வீட்டுக்காரர்கள் மேல் தப்பு உண்டு, ஒத்துக்கிறேன். என் மகள் கல்யாணத்தில் தம்பிகள் ரெண்டு பேரைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிறுத்தினேன். ஒரு பந்தி எழும்பி, இலை எடுத்து, மேசை துடைத்து, புது இலை போட்ட பிறகுதான் கதவு திறந்தது. வயசானவர்களும் பிள்ளைக்காரிகளும் முதலில். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் தம்பி, அப்படி ஆள் இல்லாத இடத்தில் நாமே ரெண்டடி தள்ளி நிற்கலாமே, பஸ் அவசரம் என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைப்பார்கள்.

குலசேகரம் தம்பி:
கல்யாண வீட்டில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த பந்தி நிறைந்துவிடும் அக்கா. அப்புறம், சாப்பிட்டு முடித்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போனில் பேசுகிறவர்களை ஏன் யாரும் சொல்வதில்லை?

தோவாளைக்காரன்:
அதுவும் தப்புதான், ஆனால் பக்கத்து இலைக்காரர் முடிப்பதற்குள் எழும்பக் கூடாது என்று சொல்லித்தான் எங்க தாத்தா எங்களை வளர்த்தார். பந்தி சேர்ந்து உட்கார்ந்து சேர்ந்துதான் எழும்பும். சும்மா இருக்கிறவர் எல்லாருமே இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் ஒரு பெரியவர் மோர் குடித்துக்கொண்டிருக்கலாம். எங்க அம்மா இப்போது அடுத்த கல்யாணத்துக்கே வரவில்லை என்கிறார்கள்.

குலசேகரம் தம்பி:
அம்மா அப்படிச் சொன்னது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணே. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தப்பு, அதை இனி செய்ய மாட்டேன். ஆனால் சுவரோரமாக நின்று காத்திருப்பதையும் தப்பு என்றால் ஒத்துக்க மாட்டேன், குழந்தையை வைத்துக்கொண்டு நான் வேறெங்கே போய் நிற்பேன்?