பையர் கேட்கும் "மறுசுழற்சிக்கு ஏற்ற" டி-ஷர்ட்: டெக் பேக்கில் எதை மாற்றணும்?

தையல்கணக்கு:
வணக்கம். ஐரோப்பிய பையர் (ஆர்டர் கொடுத்து வாங்குபவர்) ஒருவருக்கு ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஆர்டர். இப்போதுள்ள டெக் பேக் (சட்டையின் முழு விவரக் குறிப்பு) இப்படி:

பாடி 30ஸ் கோம்டு நூல் (எண் கூடினா நூல் மெலிசு), சிங்கிள் ஜெர்சி பின்னல், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), 100% காட்டன். நெக் 1×1 ரிப் (இழுபடும் பட்டைப் பின்னல்), 95% காட்டன், 5% லைக்ரா. தோள்பட்டையில் மொபிலான் டேப் (தோள் தொங்காம பிடிக்கிற எலாஸ்டிக் பட்டி). தையல் முழுக்க 40/2 (ரெண்டு இழை முறுக்கின) ஸ்பன் பாலியஸ்டர் நூல். மெயின் லேபிள் பாலியஸ்டர் சாட்டின். நெஞ்சில் பிளாஸ்டிசால் பிரிண்ட், ஏறக்குறைய 25×30 செ.மீ.

இனி இதே ஸ்டைலை மறுபடி நூலாக்கும்படி டிசைன் பண்ணணும், கூடவே நூலில் 20% மறுசுழற்சி காட்டன் இருக்கணும்னு கேட்கிறாங்க. பாடி ஏற்கெனவே 100% காட்டன்தானே, எதில் கை வைக்கிறது? நூல் தாங்குமா? கட்டிங் வேஸ்ட்டை எப்படிப் பிரிச்சு வைக்கணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பேட்டர்ன்மேசை:
லேபிளில் 100% காட்டன்னு இருக்கறதும் சட்டை முழுக்க காட்டனா இருக்கறதும் ஒண்ணு இல்லைங்க. ஐரோப்பாவின் 1007/2011 துணி லேபிள் விதிப்படி ஒரு சில இடத்தில் மட்டும் வைக்கிற எலாஸ்டிக் டேப், லேபிள் இதெல்லாம் நார் விகிதக் கணக்கில் சேராது. ஆனா பனியனைக் கிழிக்கிற மெஷினுக்குள்ள எல்லாமே சேர்ந்துதான் போகும்.

முதல்ல மொபிலானைத் தூக்குங்க. அது பாலியூரித்தேன். கிழிக்கும்போது நாராப் பிரியாம ரப்பர் மாதிரி இழுபட்டு, சூட்டில் சுருண்டு, பஞ்சைச் சுத்திக்கிட்டு முடிச்சா நிற்கும். அதுக்குப் பதிலா 6 மி.மீ. காட்டன் டேப் போடலாம். இல்லைன்னா அதே ஜெர்சித் துணியை நீளவாக்கில் வெட்டின பட்டி. ஜெர்சி அகலவாக்கில்தான் அதிகம் இழுபடும், நீளவாக்கில் குறைவு. அதனால அந்தப் பட்டியே தோளைப் பிடிச்சு நிறுத்தும். காட்டன் டேப்பா இருந்தா தைக்கறதுக்கு முன்னாடி தண்ணி காட்டிச் சுருங்க வச்சிடணும். இல்லைன்னா முதல் வாஷிலேயே தோள் சுருங்கி அலை அலையா நிற்கும், க்யூசி (தரச் சோதனை) ஆளுங்க மொத்தமா ரிஜெக்ட் பண்ணுவாங்க.

அடுத்து நெக் ரிப். லைக்ரா எடையில் அரை கிராம்கூட வராது. ஆனா ரிப் கட்டிங் வேஸ்ட் பாடி வேஸ்ட்டோட கலந்தா மொத்த பேலும் (வேஸ்ட் கட்டு) கெடும். லைக்ரா இல்லாத ரிப்புக்கு லூப் லெங்த்தை (ஒரு கண்ணிக்குப் போற நூல் நீளம்) குறைச்சு இறுக்கமாப் பின்னச் சொல்லுங்க. ரிப் உயரத்தை 2 செ.மீ.க்கு மேல போக விடாதீங்க, அகலமான நெக் சீக்கிரம் தொங்கும். ரிப் நீளம் நெக் சுற்றளவில் 85 முதல் 90 சதவீதத்துக்குள்ள வச்சு, அஞ்சு வாஷ் கழிச்சு நெக் அகலத்தை அளந்து பாருங்க. விகிதம் கூடினா நெக் அலைபாயும், ரொம்பக் குறைஞ்சா நெக்கைச் சுத்திப் பாடி சுருக்கம் விழும். பெரியவங்க சைஸில் நெக்கை இழுத்தா 60 செ.மீ. வரணும், அதையும் சேர்த்துப் பாருங்க.

பிரிண்ட்தான் எனக்குப் பெரிய கவலை. 25×30 செ.மீ. பிளாஸ்டிசால்னா துணி மேல ஒரு பிவிசி தகடு. பழைய சட்டை திரும்பி வரும்போது அந்த முன்பக்கத்தை வெட்டி எறியத்தான் செய்வாங்க. அதாவது நல்ல துணியில் பெரிய பங்கு போச்சு. வாட்டர் பேஸ்டு பிக்மென்ட் பிரிண்ட்டுக்கு மாறுங்க, டிசைனையும் கோட்டு வேலையாக் குறைக்கச் சொல்லுங்க. இடைவெளி இருந்தா துணி கிழிபடும், முழுக்க நிரப்பின கட்டம் கிழிபடாது. அடர் நிறத்து மேல வெளிர் நிறம் வேணும்னா வாட்டர் பேஸ்டு அவ்வளவு எடுப்பா வராது, இதை பையர்கிட்ட சாம்பிளிலேயே காட்டிடுங்க.

ஓஇ_நூல்:
மில் பக்கம் இருந்து நூல் கேள்விக்கு.

கட்டிங் வேஸ்ட்டைக் கில்லட்டின் வெட்டு மெஷினில் சின்னச் சின்னதா நறுக்கி, லேசா எண்ணெய் கலந்த தண்ணி தெளிச்சு ஊற விட்டு, ஊசி பதிச்ச உருளைகள் வழியா வரிசையா விடறோம். ஒவ்வொரு உருளையும் நாரைக் கொஞ்சம் உடைக்கும். சங்கர்-6 ரகப் பஞ்சில் 28, 29 மி.மீ. இருக்கிற நார் வெளிய வரும்போது பாதி நீளத்துக்கும் கீழ போயிடும். அதனாலதான் பல்லடம், உடுமலைப் பக்கம் இந்தப் பஞ்சு பெரும்பாலும் ஓ.இ. (ஓபன் எண்ட்) மெஷினில் தடிச்ச 10ஸ், 20ஸ் நூலாகுது. ரிங் நூலில் (வழக்கமான நூற்பு முறை) 30ஸ் வேணும்னா 20% வரைக்கும் போகலாம், மீதி 80% நல்ல நீளமான புதுப் பஞ்சா இருக்கணும். அப்பவும் நெப்ஸ் (சின்ன நார் முடிச்சு) கூடும், பலம் குறையும். பயோ வாஷ் (என்சைமில் துணியை வழவழப்பாக்கறது) கொடுக்கறதா இருந்தா டோஸைக் குறைங்க. என்சைம் ஏற்கெனவே பலம் குறைஞ்ச நாரை இன்னும் அரிக்கும். துணியில் பர்ஸ்டிங் டெஸ்ட்டை (எவ்வளவு அழுத்தத்தில் துணி கிழியும்னு பார்க்கிறது) வாஷுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுங்க. தாங்கலைன்னா 26ஸ் நூல், 180 ஜிஎஸ்எம்னு பையர்கிட்ட பேசுங்க.

ஒரு முக்கியமான விஷயம். ஓ.இ. நூலில் பலத்துக்காக பாலியஸ்டர் கலக்கறது வழக்கம். "மறுசுழற்சி காட்டன் நூல்"னு மட்டும் கேட்டு வாங்கினா அதுவும் வந்து சேரலாம். அப்ப சட்டையில் மறுசுழற்சி நூல் இருக்கும், ஆனா அந்தச் சட்டையைத் திரும்பச் சுத்தமான காட்டனா எடுக்க முடியாது. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "பாலி கலக்காதது"ன்னு எழுதுங்க. கோன் வந்ததும் நூலைக் கொளுத்திப் பாருங்க: காட்டன்னா பேப்பர் எரிஞ்ச வாசம், தொட்டா உதிர்ற சாம்பல், பாலி இருந்தா கெட்டியான மணி உருளும். குறைஞ்ச அளவில் கலந்திருந்தா இதில் தெரியாது, லேபுக்கு அனுப்புங்க. 75% சல்ஃபியூரிக் அமிலத்தில் 50 டிகிரியில் காட்டன் கரைஞ்சுடும், பாலியஸ்டர் நிற்கும். மிச்சத்தை எடை போட்டா சதவீதம் கிடைச்சிடும்.

கட்டிங் மேசையில் தனித்தனியா வைக்க வேண்டியது: வெள்ளை பாடி, ஒவ்வொரு நிறமும் தனி, ரிப் தனி, பிரிண்ட் ரிஜெக்ட் தனி. வெள்ளையிலேயே டினோபால் (வெள்ளையை எடுப்பாக்கிற பொருள்) போட்ட லாட்டையும் போடாததையும் கலக்காதீங்க. கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும், யூவி லைட்டில் நூல் பட்டை பட்டையா வரும். தரையைக் கூட்டி அள்ளினதைப் பேலில் போடவே கூடாது. அதில் உடைஞ்ச ஊசி, எண்ணெய், பண்டல் நம்பர் ஸ்டிக்கர் எல்லாம் வரும். ஸ்டிக்கர் பசை உருளை ஊசியில் அப்பிக்கும். இரும்புத் துண்டு ஒண்ணு காந்தத்தில் சிக்காம உள்ள போனா, தீப்பொறி பறந்து பஞ்சு பத்திக்கும்.

தையல்கணக்கு:
ரொம்ப நன்றிங்க. தையல் நூல் பத்தி யாரும் சொல்லலையே. அதையும் காட்டனுக்கு மாத்தணுமா?

பேட்டர்ன்மேசை:
மாத்தினா நல்லது. முழுக்க ஒரே நார்ங்கறதுதான் அடிப்படை.

லைன்_சூப்பர்வைசர்:
இதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஊசி நூல் காட்டனா இருந்தா ஹை ஸ்பீடில் அறுந்துகிட்டே இருக்கும், உடுத்தும்போது தையல் விட்டுப்போகும். தையல் பிரிஞ்ச சட்டை ஒரு வருஷம் முன்னாடியே குப்பைக்குப் போறதைவிட, ரெண்டு வருஷம் கூட உடுத்தறதுதான் பெரிய லாபம்.

கணக்கைப் பாருங்க. ஒரு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 125 மீட்டர் நூல் போகுது. 40/2 நூல் ஆயிரம் மீட்டர் சுமார் 30 கிராம். ஆக 3.7 கிராம்; 150 கிராம் சட்டையில் 2.5%. ஆனா ஓவர்லாக்கில் (ஓரம் தைக்கிற மெஷின்) ஊசிக்குப் போறது கால் பங்குதான், மீதி ஊசி நூலோட கோத்துக்கிற லூப்பருக்கு. லூப்பரை மட்டும் காட்டனுக்கு மாத்தி, ஊசியில் பாலியை விட்டா ஒரு கிராமுக்குக் கீழ, அதாவது 0.6% பக்கம் வந்துடும். எலன் மக்ஆர்தர் ஃபவுண்டேஷன் (மறுபயன்பாட்டை ஊக்குவிக்கிற அமைப்பு) 2019-ல் ஜீன்ஸுக்குக் கொடுத்த வழிகாட்டியில் செல்லுலோஸ் நார் குறைஞ்சது 98% இருக்கணும்னுதான் கேட்டாங்க, கூடவே 30 வாஷ் தாங்கணும்னும் கேட்டாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

காட்டன் லூப்பர் நூலில் பஞ்சுத் தூசி கூடும், மெஷினை அடிக்கடி ஊதிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. கார்மென்ட் டையிங் (தைச்ச பிறகு சாயம் போடறது) ஸ்டைலா இருந்தா இந்தக் கலவை வேண்டாம்: காட்டன் சாயம் ஏத்துக்கும், பாலி வெள்ளையா நிற்கும், ஃபிளாட்லாக் தையல் ரெண்டு நிறமாத் தெரியும்.

பேட்டர்ன்மேசை:
லூப்பர் கணக்கு சரியா இருக்குங்க. ஊசியில் பாலியே இருக்கட்டும்.

சான்றிதழ்_டெஸ்க்:
பேப்பர் பக்கம் ரெண்டு விஷயம். ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) சான்றிதழுக்கு மறுசுழற்சிப் பங்கு குறைஞ்சது 20%. ஆனா சட்டையில் ஜிஆர்எஸ் லோகோ போடணும்னா 50% வேணும். பையர் லோகோவும் எதிர்பார்க்கிறாரான்னு இப்பவே கேட்டுடுங்க. 5% மேல இருந்தா ஆர்சிஎஸ் (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்ட்) போதும். 30ஸ் ரிங் நூலில் 20%தான் வரும்னா ஆர்சிஎஸ் பக்கம் போறது நிம்மதி. 20%-ல் துல்லியமா நின்னா ஒரு லாட் 19 ஆனாலும் ஜிஆர்எஸ் போச்சு.

ஐரோப்பாவின் எக்கோடிசைன் விதி, 2024/1781, 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. 2025 ஏப்ரலில் வந்த வேலைத்திட்டத்தில் ஆடைகள் முன்வரிசையில் இருக்கு, ஆடைக்கான தனி விதிக்கு 2027-ஐ உத்தேசமாக் குறிச்சிருக்காங்க. டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் (ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற சட்டை விவரப் பதிவு) அதோட வரும். அதனால மெயின் லேபிளை எடுத்துட்டு நெக்கில் சின்னதா வாட்டர் பேஸ்டு பிரிண்ட் போட்டுடுங்க. ஹீட் டிரான்ஸ்ஃபர் வேண்டாம், அது பெரும்பாலும் பாலியூரித்தேன் படலம். கியூஆர் கோடை சைடு சீமில் காட்டன் டேப் கேர் லேபிளில் வைங்க. காட்டன் டேப்பில் மை சீக்கிரம் மங்கும், அதனால கட்டத்தைப் பெரிசா வச்சு, 30 வாஷுக்கு அப்புறமும் போனில் ஸ்கேன் ஆகுதான்னு பார்த்துட்டு அப்ரூவல் கொடுங்க.