கொடைக்கானல் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறேன்: இது வீட்டு வாடகையா, தொழிலா?

மலைவீட்டுக்காரி:
அப்பா கட்டிய மூன்று அறை வீடு. நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். வீட்டை ஆப் வழியாகவும், போனில் கேட்டு வருகிறவர்களுக்கும் நாள் வாடகைக்கு விடுகிறேன். போன நிதியாண்டில் வந்தது 8 லட்சம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணவன் மனைவிக்குச் சம்பளம் 1,80,000, ஆப் கமிஷன் 1,20,000, காலை டிபன், கேஸ் 90,000, சலவை 60,000, கூரை ஒழுகல், பெயிண்ட் 70,000, வீட்டு வரி 10,000. மிச்சம் நின்றது 2,70,000.

ஆடிட்டர் இதை "வீட்டுச் சொத்து வருமானம்" என்ற தலைப்பில்தான் காட்ட வேண்டும் என்கிறார். அந்தக் கணக்கில் வீட்டு வரி போக, மீதியில் 30 சதவீதம் மட்டும் கழிவு. 5,53,000-க்கு வரி. கைக்கு வராத பணத்துக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

மதுரை வரி ஆலோசகர்:
உங்கள் ஆடிட்டர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 28-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டால் அது தொழில் வருமானம் ஆகாது, வீட்டுச் சொத்து வருமானம்தான் என்று. சிலர் சாதாரண வாடகையைத் தொழில் என்று காட்டிச் செலவுகளைக் கழித்து வரியைக் குறைத்தார்கள், அதை அடைக்கத்தான்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு ராத்திரி தங்கி, டிபன் சாப்பிட்டு, நீங்கள் துவைத்து விரித்த மெத்தையில் படுத்துவிட்டுப் போகிறவர் வாடகைதாரர் இல்லை. அவர் வாங்குவது சேவை. அப்படியானால் அது தொழில். மூன்றாவது வழியும் உண்டு: வீட்டையும் சாமானையும் பிரிக்க முடியாதபடி சேர்த்து விட்டால் பிரிவு 56-இன் கீழ் "இதர வருமானம்", அதிலும் சம்பளம், பழுதுச் செலவு கழியும். (பிரிவு எண்கள் பழைய சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் எண்கள் வேறு.)

பழனி ரோடு லாட்ஜ்:
மேடம், உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் என் பக்கமும் கேளுங்கள். எனக்கு 22 ரூம். 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 12-ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5. குறைந்தது நல்லதுதான். ஆனால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது நான் வாங்கும் பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, போய்விட்டது. கீசருக்கும் பெயிண்டுக்கும் கொடுத்த 18 சதவீதம் என் தலையில்.

மே மாதம் ஒரு குடும்பம் என் கவுண்டரில் நின்று பில்லைப் பார்த்துவிட்டு, போனை நீட்டி, "இந்த வீட்டில் வரியே இல்லையாம்" என்று காட்டியது. அதே மலை, அதே குளிர், அதே 3,000 ரூபாய். அவர்களுக்கு அங்கே 150 மிச்சம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதை நான் சீசன் முழுக்கப் பார்க்கிறேன்.

மலைவீட்டுக்காரி:
சார், ஆப்பில் வருகிற புக்கிங்குக்கு ஜி.எஸ்.டி. போகிறதே. வாங்கிக் கட்டுவது ஆப்.

மதுரை வரி ஆலோசகர்:
ஆமாம், ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 9(5). ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாத சிறிய ஆள் ஆப் வழியாகத் தங்க இடம் கொடுத்தால், அந்த ஆப்தான் வரி கட்ட வேண்டும். நேரடி போன் புக்கிங்குக்கு, வருட மொத்த வரவு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. இல்லை. அது சட்டப்படியே. ஒன்று மட்டும் கவனம்: அந்த 20 லட்சம் ஒரு பான் எண்ணுக்கு, இந்தியா முழுக்கச் சேர்த்து. வேறு ஊரில் குடும்பத்துக்கு விட்ட பிளாட் வாடகைக்கு வரி இல்லாவிட்டாலும் இந்த எல்லைக் கணக்கில் அது சேரும்.

பழனி ரோடு லாட்ஜ்:
அதைத்தான் சொல்கிறேன். தங்க இடம் கொடுக்கும் தொழிலுக்கு 20 லட்ச விலக்கே கூடாது. பெட்டிக் கடைக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே தெருவில் பத்து வீடு தனித்தனி பேரில் 19 லட்சம், 18 லட்சம் என்று நின்றால் அது பத்து லாட்ஜ்தானே?

நாயுடுபுரம் குடித்தனக்காரன்:
நான் இங்கே பள்ளி ஆசிரியர். ஆறு வருடம் 9,000 வாடகையில் இருந்த வீட்டைப் போன வருடம் காலி செய்யச் சொன்னார்கள். காரணம் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்கள், நாள் வாடகைக்கு விடப்போகிறோம் என்று. இப்போது கீழே பெருமாள்மலையில் இருந்து தினம் பஸ் ஏறுகிறேன்.

எனக்கு ஒன்றுதான் கோபம். எனக்கு வீடு கொடுத்தவருக்கும் 30 சதவீதக் கழிவு, டூரிஸ்டுக்குக் கொடுப்பவருக்கும் அதே கழிவு என்றால், அரசு எதற்கு ஊக்கம் கொடுக்கிறது? குடும்பத்துக்கு விடுகிறவருக்கு மட்டும் அந்தக் கழிவு இருக்கட்டும். மற்றதெல்லாம் தொழில், தொழில் என்றே எழுதுங்கள்.

மலைவீட்டுக்காரி:
தம்பி, உங்களுக்கு நடந்தது கஷ்டமான விஷயம். ஆனால் நீங்கள் கேட்பதும் நான் கேட்பதும் ஒன்றேதான்! தொழில் என்று எழுதத்தான் நானும் போராடுகிறேன்.

பழனி ரோடு லாட்ஜ்:
தொழில் என்று எழுதிவிட்டு, சிறு தொழிலுக்கு உத்தேச லாபம் காட்ட விடும் பிரிவு 44ஏடி-யில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வங்கி வழியாக வந்த பணத்தில் 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். 8 லட்சத்துக்கு வெறும் 48,000. மேடமே 2,70,000 மிஞ்சியது என்கிறார்!

மதுரை வரி ஆலோசகர்:
அந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு சார். வரவு 2 கோடிக்குள், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடிக்குள். ஆனால் மேடம், நான் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். உண்மையான 2,70,000-ஐயே காட்டுங்கள். ஆப் வழியாக வருடத்துக்கு 5 லட்சம் தாண்டினால் 0.1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கிறார்கள், 2024 அக்டோபருக்கு முன் அது 1 சதவீதம். பிடித்த தொகை சிறிது, ஆனால் ஆப் வழியாக வந்த உங்கள் மொத்த வரவு, வருமான வரித் துறை வைத்திருக்கும் 26ஏஎஸ் என்ற வரிப் பதிவில் ஏறிவிடும். அதிகாரி கேட்டால் டிபன், சலவை, ஆள் சம்பளம் எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்க வேண்டும். அதுதான் இது வெறும் வாடகை இல்லை என்பதற்கும் சாட்சி. சம்பளத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

மலைவீட்டுக்காரி:
ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை போகும்போது அந்த அக்கா கையில் 15,000 ரொக்கமாகக் கொடுப்பேன்.

மதுரை வரி ஆலோசகர்:
அங்கேதான் மாட்டுவீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் தொழில் கணக்கில் அந்தச் செலவு கழியாது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக 7,500, வங்கி வழியாகப் போடுங்கள்.

நாயுடுபுரம் குடித்தனக்காரன்:
அவர்களுக்கும் அது நல்லது அக்கா. கணக்கில் சம்பளம் ஏறினால் நாளைக்கு ஒரு கடனுக்காவது காட்டலாம்.

மலைவீட்டுக்காரி:
அந்த அண்ணனுக்குப் போஸ்ட் ஆபீஸ் கணக்கு இருக்கிறது, அக்காவுக்கு இல்லை. இந்த சனிக்கிழமை போகிறேன், கையோடு கூட்டிப்போய்த் திறந்துவிடுகிறேன். போன் புக்கிங்குக்கும் இனி எண் போட்ட ரசீது கொடுக்கிறேன். லாட்ஜ் சார், ஜி.எஸ்.டி. பதிவு மட்டும் இப்போதைக்கு எடுக்கப்போவதில்லை.

பழனி ரோடு லாட்ஜ்:
ரசீது கொடுங்கள், அதுவே பெரிது. 20 லட்ச விஷயத்தை எங்கள் சங்கம் மூலமாக நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.